மூடிய சுவர்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் வரும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இன்றைக்குப் புதன். அதற்குள் தையல்காரிக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து.

அவள் புருஷன் லாரி ஓட்டியவர். ஐந்து மாதத்துக்கு முன் வண்டி கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஏற்றி இறக்க மோட்டார் வைத்த இரும்புக் கட்டிலும், புண் வராமல் இருக்கக் காற்று மெத்தையும் வீட்டில் தயாராக இருந்தால்தான் அனுப்புவோம் என்றார்கள். கட்டில் வந்து கிடக்கிறது. கரன்ட்டுதான் இல்லை. இருக்கிற பழைய கரன்ட்டில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டாலே விளக்கு கண்ணைச் செருகிக்கொள்ளும். புதிதாகக் கம்பி இழுத்து, பெரிய மீட்டராக மாட்ட வேண்டும்.

அதற்கு அந்தப் பாவி மனுஷி பட்ட பாட்டைக் கேளுங்கள். அனுமதி அலுவலகத்தில், மின்சார அலுவலகத்துக் கடிதம் கொண்டு வா என்றார்கள். மின்சார அலுவலகத்தில், அனுமதி எண் கொண்டு வா என்றார்கள். மூன்று வாரம் பந்து மாதிரி இவளை இங்கிருந்து அங்கே உதைத்தார்கள். கடைசியில் இரண்டு பேரையும் போனில் பேச வைத்தபோது, "இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன். எப்படி இருக்கிறது கதை!

சரி, எண் கிடைத்தது. எலக்ட்ரீஷியன் வந்தான். எதைக் கேட்டாலும் "அஞ்சு நிமிஷம்" என்பான். அதனால் தெருவில் அவனுக்கு அதுவே பேர். சுவரை வெட்டி, பைப்பைப் பதித்து, கம்பியை இழுத்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி கரண்டியோடு வந்து நின்றான். அவன் கொத்தனார்.

"மாமா வர்றப்ப சுவரு இப்படிக் குடலு சரிஞ்சா கெடக்கிறது?" என்றான்.

"பூசிடு, பூசிடு. வர்றவங்க சுவிட்சைத்தான் பாப்பாங்க" என்றான் அஞ்சு நிமிஷம்.

தம்பி பூசினான். சும்மா சொல்லக்கூடாது, எங்கே வெட்டினார்கள் என்று வெட்டினவனுக்கே தெரியாத அளவுக்குப் பூசினான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு, கம்பி வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயசு அம்மாள், தோளில் கனமான பை. சுவரைப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார்.

"கம்பி எங்கே?"

"உள்ளதான் இருக்கு மேடம்" என்றான் அஞ்சு நிமிஷம்.

"அது எனக்கும் தெரியும். நான் அதைப் பாக்கணுமே. பூசறதுக்கு முன்னாடி கூப்பிட்டிருக்கணும். உடைச்சு வச்சுட்டு மறுபடி மனு போடுங்க, வரிசைப்படி ரெண்டு வாரம் ஆகும்."

தையல்காரிக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ரெண்டு வாரமா? அவரு வெள்ளிக்கிழமை வர்றாரு மேடம்! மூணு வாரமா நாயா அலைஞ்சேன். ஒரு வாய், ஒரே ஒரு வாய், சுவத்தை மூடாதேன்னு சொல்லுச்சா? எங்க எழுதியிருக்கு?"

ஆய்வாளர் மனுவைத் திருப்பினார். பின்பக்கம், பதினோராவது வரி. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. நாளெல்லாம் ஊசி கோக்கிற அவள் கண்ணுக்கே அது பிடிபடவில்லை.

"இதை எறும்புதான் படிக்கணும்!" என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "இப்பவே உடைச்சா இப்பவே பாப்பீங்களா?"

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டுக்கு அடுத்த வீடு."

"அப்ப நேரம் இருக்கு. டேய், சுத்தியலை எடு."

தம்பியின் முகம் சுண்டிவிட்டது. பெற்ற பிள்ளையை அடிக்கச் சொன்னதுபோல் நின்றான். அதற்குள் அஞ்சு நிமிஷம் குறுக்கே வந்தான். "அக்கா, அவசரப்படாதீங்க. அஞ்சு நிமிஷம், மேடம்கிட்ட நான் தனியாப் பேசிக்கிறேன்."

"என்கிட்ட தனியாப் பேச என்ன இருக்கு?" என்றார் ஆய்வாளர். பையைக் கீழே வைத்தார்.

தையல்காரி எலக்ட்ரீஷியனின் நெற்றியைப் பார்த்தாள். வியர்த்திருந்தது. "உடைடா" என்றாள் தம்பியிடம்.

அவன் உடைத்தான். கட்டில் பிளக்குக்கு மேலே ஒரு முழம் உடைந்ததும் பைப் தெரிந்தது. பைப் நடுவில் அறுந்திருந்தது. அந்த இடைவெளியில் கறுப்பு டேப் சுற்றிய கொத்து. ஆய்வாளர் டேப்பைப் பிரித்தார். துண்டுக் கம்பிகளை முறுக்கி முறுக்கி ஜாயின்ட் போட்டிருந்தான். பச்சைக் கம்பியை அவர் இரண்டு விரலால் லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

"இது எர்த், கசியற கரன்ட்டை மண்ணுக்கு இறக்கற கம்பி. பிரிக்காமச் சோதிச்சிருந்தா இன்னிக்கு நல்லாத்தான் காட்டியிருக்கும். நாலு மாசத்துல விட்டுப்போகும். அப்புறம் கட்டில் மோட்டார்ல பழுதுன்னா, கரன்ட்டு இந்தக் கட்டில் இரும்புக்குத்தான் வரும்" என்றார்.

தம்பி சுத்தியலோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கம்பி கொஞ்சம் பத்தலக்கா. எல்லாரும் செய்யறதுதான்" என்றான் அஞ்சு நிமிஷம்.

இவ்வளவு நேரம் அவள் யார்மேலோ எரிந்துகொண்டிருந்தாள். இப்போது எரிய வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன். நீ சுவத்துல மறைச்சிருக்க, அதுவும் என் தம்பி கையால! அவரால எந்திரிச்சு ஓட முடியாதுடா. சுட்டாக்கூடத் தெரியாதுடா அந்தக் காலுக்கு! கரன்ட்டு வந்ததும் இந்தக் கட்டில்ல மொதல்ல நீ படு. படுப்பியா? சொல்லு, படுப்பியா?"

அவன் கறுப்பு டேப்பைப் பைக்குள் திணித்தான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரேன்" என்றார் ஆய்வாளர். "முழுக் கம்பி, நடுவுல ஜாயின்ட் இருக்கக்கூடாது. மூடவும் கூடாது."

"வரிசை?"

"நான் இன்னும் ஆகாதுன்னு எழுதலையே. பாதி வேலையில நிக்கிறேன்னு வச்சுக்குங்க."

அதற்காக அவள் கோபம் முழுசாய் ஆறிவிடவில்லை. வாசல்வரை பின்னாலேயே போனாள். "அந்தப் பதினோராவது வரியை முன்பக்கம் போடுங்க மேடம். கொட்டை எழுத்துல போடுங்க. எத்தனை வீட்டுல மூடி வச்சிருக்காங்களோ!"

"நானும் ஒன்பது வருஷமாச் சொல்றேன்" என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

அன்று மத்தியானம் தையல்காரி முக்காலியைப் போட்டுச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். எலக்ட்ரீஷியன் சுவரை முழுசாகத் திறந்து, புதுக் கம்பி இழுத்தான். நாலு மணி நேரம் ஆயிற்று. ஒரு தடவைகூட அஞ்சு நிமிஷம் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை கையெழுத்து விழுந்தது; சாயங்காலம் மீட்டர் ஏறியது. தம்பி கரண்டியைத் தொடவே இல்லை. "நான்தானேக்கா மூடினேன்" என்று மட்டும் நாலைந்து தடவை சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு அறைக்குள் வந்தார்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு வீட்டைப் பார்க்கிற மனுஷன், சுவரைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"என்னடி, நான் இல்லாத நேரத்துல சுவத்தோட சண்டை போட்டியா?"

"ஆமா. ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றாள். அவரிடம் இல்லை, ஸ்ட்ரெச்சர் பிடித்தவர்களிடம்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தாள். இடது கையால் இரும்புச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வலது கையால் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் உறுமியது. கட்டில் தலைப்பக்கம் மெல்ல உயர்ந்தது. அங்கிருந்து பார்த்தால், மேலிருந்து கீழ்வரை நேராகப் பதிந்த புதுப் பைப் முழுசாகத் தெரிந்தது. கட்டிலை முழுக்க உயர்த்தி, முழுக்க இறக்கி, இன்னொரு தடவையும் உயர்த்தி இறக்கினாள்.

அவள் எழுந்து விரிப்பைத் தட்டிச் சரிசெய்தாள்.

"இப்பப் படுக்க வைங்க."