முன்மொழிபவர்

விடிவதற்கு முன்பே ஜீப்பு போடிமெட்டு ஏறத் தொடங்கிவிட்டது. எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டிக்குள் பதினேழு பெண்கள். ஒருத்தியின் முழங்கால் இன்னொருத்தியின் விலாவில் இடித்தது. வளைவுக்கு வளைவு எல்லோரும் ஒரே மூட்டையாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரிந்தார்கள். ஒரு குறிப்பிட்ட வளைவு வந்ததும் வண்டிக்குள் பேச்சு நின்றுபோனது. இரண்டு வருசமாக அப்படித்தான். அங்கேதான் பேச்சியின் புருசன் காசிமாயன் ஓட்டிய ஜீப்பு பள்ளத்தில் உருண்டது. அவனோடு மூன்று பெண்களும் செத்தார்கள்.

அதே முதலாளியின் வண்டியில்தான் பேச்சி இன்றைக்கும் வேலைக்குப் போகிறாள். வேறு வண்டி கிடையாது. கரட்டூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு எல்லாம் பாண்டியராஜனுடையவை. யார் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும், யார் வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று சொல்பவனும் அவனே.

தோட்டத்தில் இறங்கியபோது பனி செடிகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் இலை விரித்து நிற்கும். காயோ தரையோடு தரையாகச் சரத்தில் கிடக்கும். காய் எடுக்கிறவள் பொழுதுக்கும் நிமிர முடியாது. குந்தி உட்கார்ந்து, ஈரச் சருகை விலக்கி, முற்றிய காயை மட்டும் விரல் நுனியால் பறித்து இடுப்பில் கட்டிய பைக்குள் போட வேண்டும். இளங்காய் விழுந்தால் சூப்பர்வைசர் வைவார். பேச்சி கணுக்காலில் ஊர்ந்த அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு அடுத்த தூருக்கு நகர்ந்தாள். விரல் மரத்துப்போயிருந்தது. இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது.

தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது சூர்யகலா சேதி சொன்னாள். பன்னிரண்டாவது படித்தவள், போன தேர்தலில் ஓட்டுச்சாவடியில் ஏஜெண்டாக உட்கார்ந்தவள்.

"நேத்துக் கோயில் மந்தையில கூடி முடிவு பண்ணிட்டாகளாம். இந்தத் தடவ ஊருல ஓட்டே கெடையாதாம். பாண்டியராஜன்தான் தலைவராம். கோயிலுக்கு மண்டபம் கட்டித் தர்றாராம். யாரும் எதுத்து மனுப் போடக் கூடாதுன்னு பேச்சு."

"யாரு கூடுனது?" என்றாள் பேச்சி.

"ஆம்பளைக பத்துப் பதினஞ்சு பேரு."

பேச்சி டம்ளரைக் கீழே வைத்தாள். காசிமாயன் சாவதற்கு நாலு நாள் முந்தி வீட்டு வாசலில் நின்று போனில் கெஞ்சியது அவளுக்கு நினைவு வந்தது. "மொதலாளி, பிரேக்கு மிதிச்சா கால் தரை வரைக்கும் எறங்குது. பொம்பளைக உசுரு மொதலாளி." அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலும் அவள் காதில் விழுந்தது. "இந்த ஒரு வாரம் ஓட்டுடா, காய் எடுப்பு முடியட்டும்." வண்டி சுக்குநூறான பிறகு, டிரைவர் தூங்கிவிட்டான் என்று எழுதிக் கேசை முடித்தார்கள். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, கை முறிந்து பிழைத்த அமுதவள்ளிதான் சாட்சி. அன்றிலிருந்து ஊர் பேச்சியைத் தூங்கிக் கொன்றவன் பெண்டாட்டி என்றது.

"மனுப் போடக் கடேசி நாளு எப்ப?"

"திங்கக்கெழம, சாயங்காலம் அஞ்சு மணி."

"நான் போடப் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

"ஜெயிக்க முடியுமாக்கா?" என்றாள் ஒருத்தி.

"தெரியாது. ஓட்டுன்னு ஒண்ணு நடந்தா அவன் வந்து நம்ம முன்னால நிக்கணும். நடக்கலைன்னா அஞ்சு வருசமும் நாம அவன் முன்னால நிக்கணும். அவன் என் தெருவுல வந்து கையெடுத்துக் கும்பிடணும். அத நான் என் கண்ணால பாக்கணும். அதுக்குத்தான் போடுறேன்."

சூர்யகலா மெதுவாகச் சொன்னாள். "அவனும் தெரிஞ்சுதான் ஓட்டு வேண்டாங்கிறான். மெரட்டி எல்லாரையும் வண்டியில ஏத்தலாம், எறக்கலாம். சீட்டுல முத்திரை குத்துற மறைவுக்குள்ள மட்டும் அவன் வர முடியாது. மடிச்சுப் பெட்டியில போட்டுட்டா யாரு யாருக்குக் குத்துனான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா மதினி, நீ மட்டும் போனா மனுவ வாங்க மாட்டாக. முன்மொழிய ஒரு ஆளு வேணும். நம்ம ஊரு ஓட்டர் லிஸ்டுல பேரு உள்ள ஆளு. கையெழுத்துப் போட்டா அந்தப் பேரும் வெளிய தெரியும்."

"நீ போடு."

சூர்யகலா தலையைக் குனிந்தாள். "பொறந்த ஊருக்கே திரும்பி வந்தும் என் பேரு இன்னும் புகுந்த ஊரு லிஸ்டுலதான் கெடக்கு. இல்லைன்னா இப்பவே போடுவேன்."

மற்றவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள். அமுதவள்ளி தூரத்தில் தனியாக உட்கார்ந்து கோணிப்போன இடக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேச்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு வருசமாக ஒரே ஜீப்பில் போய் வந்தும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சேதி அவர்களுக்கு முன்பே மலை இறங்கிவிட்டது. சாயங்காலம் ஜீப்பு ஊருக்குள் வந்தபோது பாண்டியராஜன் நிறுத்தத்தில் காத்திருந்தான். வெள்ளை வேட்டி, கையில் வண்டிச் சாவி.

"என்ன பேச்சி, தலைவராகப் போறியாம்ல?"

"மனுப் போடப் போறேன்."

"ஊரு கூடி ஒரு முடிவு எடுத்திருக்கு."

"ஊருல பாதி பொம்பளைக. எங்கள யாரும் கூப்பிடல."

அவன் சிரித்தான். "தூங்கிக்கிட்டே வண்டி ஓட்டி மூணு பேரக் கொன்னவன் பொண்டாட்டிக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

"அவரு தூங்கல. பிரேக்கு புடிக்கலன்னு ஒங்கிட்டச் சொன்னாரு."

"சாட்சி இருக்கு. இந்தா நிக்கிறால்ல." அமுதவள்ளியை நோக்கிச் சாவியை நீட்டினான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "இவளுக்கு இனிமே ஜீப்பு இல்ல. இவளுக்குக் கையெழுத்துப் போடுறவளுக்கும் இல்ல. எந்தத் தோட்டத்துலயும் சோலி கெடையாது. யோசிச்சுக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச்சி வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் கண் கலங்கினார்கள், ஒரு வீட்டில் தண்ணி கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கையெழுத்து மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன்பே போடிக்கு வந்தவள், யாராவது வரமாட்டார்களா என்று ஒன்றிய அலுவலகத்து வேப்பமரத்தடியில் மனுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூர்யகலா நிரப்பிக் கொடுத்த மனு அது. முன்மொழிபவர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. வேறு ஊர்க்காரர்கள் மாலையும் வேட்டுமாக வந்துபோனார்கள். மணி மூன்றரையானது, நாலானது. ஒரு கையெழுத்துக்கு நாதியில்லாமல் போய்விட்டோமே என்று நினைத்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாலேகாலுக்குத் தேவாரம் பஸ்சு வந்து நின்றது. இறங்கிய கூட்டத்தில் அமுதவள்ளி இருந்தாள். நேரே வந்து எதிரில் நின்றாள்.

"மதினி, நான் போடுறேன்."

பேச்சி எழுந்தாள். கை தானாக ஓங்கியது, பாதியில் நின்றது.

"அடிங்க மதினி. அண்ணே தூங்கல. பிரேக்க மிதிமிதின்னு மிதிச்சாரு. 'எல்லாரும் மலைப்பக்கமாச் சாயுங்க தாயி'ன்னு கத்துனாரு. ஆசுபத்திரியில பாண்டியராஜன் கட்டில் பக்கத்துல உக்காந்து, தூங்குனான்னு சொன்னா கையச் சரிபண்ணித் தர்றேன், சோலியும் தர்றேன்னாரு. சொல்லிட்டேன். பிள்ளைக ரெண்டும் சின்னது மதினி."

இரண்டு வருசமாக நினைத்து நினைத்து வளர்த்த வெறுப்பு பேச்சியின் நெஞ்சுக்குள் கொதித்தது. இவளைத் தலைமுடியைப் பிடித்து இந்த ரோட்டிலேயே இழுக்கலாம். ஒருத்தியும் கேட்க மாட்டாள். ஆனால் இவளை அடித்துத் துரத்தினால் ஐந்து மணிக்குப் பாண்டியராஜன் மாலை போட்டுக்கொள்வான்.

"ஒன்ன நான் மன்னிக்கல," என்றாள். "மன்னிக்கிறதா இல்லையான்னு பெறகு பாப்போம். கையெழுத்துப் போடு."

அமுதவள்ளி கோணிய கையால் தாளை அமுக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பெயர் எழுதினாள். நிமிர்ந்தபோது இருவரையும் சுற்றிப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். அதே பஸ்சில் வந்தவர்கள். காலையில் அமுதவள்ளி ஜீப்பில் ஏற மாட்டேன் என்று நின்றாளாம். ஏன் என்று டிரைவர் கேட்டதற்கு ஊர் நடுவில் நின்று உண்மையைச் சொன்னாளாம். அதைக் கேட்ட பிறகு ஒருத்தியும் ஏறவில்லை. வெறும் வண்டி மலை ஏறிப் போனது. பாண்டியராஜனின் ஆட்கள் மத்தியானம் தாண்டியும் பஸ் நிறுத்தத்தில் நின்று மறித்ததால்தான் இவ்வளவு தாமதமாம்.

"முன்மொழிய ஒருத்தர் போதும்மா, எதுக்கு இவ்வளவு பேரு?" என்றார் மனு வாங்கிய அதிகாரி.

"அவ கையெழுத்துப் போதும் சார்," என்றாள் சூர்யகலா. "நாங்க பாக்க வந்தோம்."

மனு ஏற்கப்பட்டது. பூட்டுச் சாவி சின்னம் கிடைத்தது. பாண்டியராஜன் சொன்னபடியே பதினேழு பேருக்கும் ஜீப்பை நிறுத்தினான். அவர்கள் முதல் பஸ்சுக்கு நின்று, மெட்டில் இறங்கி, தோட்டம் வரை நடந்தார்கள். வாங்கின சம்பளத்தில் பாதி பஸ்சுக்கும் கால்வலித் தைலத்துக்கும் போனது. தோட்டத்துச் சூப்பர்வைசர் முதல் நாள் முறைத்தார். மறுநாள் காய் முற்றி வெடிப்பதைப் பார்த்து, "வேகம் வா சேச்சி," என்று மலையாளத்தில் அவசரப்படுத்திக் கூடையை நீட்டினார். உண்மை பரவப் பரவ மற்ற பெண்களும் பஸ்சுக்கே வந்தார்கள்; ஒரே ஊரில் ஆறு ஜீப்பு ஆளில்லாமல் வெயில் காய்ந்தது.

ஓட்டுக்கு எட்டு நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாண்டியராஜன் அவர்கள் தெருவுக்குள் வந்தான். வந்துதான் ஆக வேண்டும். செருப்பைத் தெருமுனையில் விட்டிருந்தான். பின்னால் நாலைந்து பேர் நோட்டீஸோடு வந்தார்கள். முதல் வீடு அமுதவள்ளியுடையது.

"தாயி, ஒங்க வீட்டு ஓட்டு எனக்குத்தான்," என்று கைகூப்பினான்.

அமுதவள்ளி வெளியே வந்தாள். குரல் தெரு முழுக்கக் கேட்டது. "பிரேக்கு புடிக்கலன்னு காசிமாயண்ணே ஒங்ககிட்டச் சொன்னாரா இல்லையா? அதச் சொல்லிட்டு ஓட்டுக் கேளுங்க."

அவன் கூப்பிய கையோடு அடுத்த வாசலுக்கு நகர்ந்தான். அங்கேயும் ஒருத்தி நின்றாள், அதே கேள்வியோடு. அதற்கடுத்த வாசலில் ஜீப்பில் செத்தவளின் புருசன் நின்றான். பாண்டியராஜனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட வந்தவர்களில் இரண்டு பேர் நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்தங்கினார்கள்.

பேச்சி தன் வாசலில் நின்று பார்த்தாள். இந்தக் காட்சிக்காகத்தான் இரண்டு வருசம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் போதவில்லை. கும்பிட்டவன் ஜெயித்துவிடலாம். மண்டபம் கட்டுகிறவனுக்கு மேலத்தெருவில் ஓட்டு நிறைய இருந்தது. பாண்டியராஜன் அவள் வாசலுக்கு வந்தான், ஒரு கணம் நின்றான், பிறகு தாண்டப் பார்த்தான்.

"என்னையும் கும்பிட்டுட்டுப் போங்க மொதலாளி," என்றாள் பேச்சி. "நானும் ஓட்டருதான்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கை மெல்ல உயர்ந்து கூடியது.

பேச்சி பதிலுக்குக் கும்பிடவில்லை. வாசலிலிருந்து இறங்கினாள். அமுதவள்ளி நின்ற இடத்துக்குப் போய், இரண்டு வருசத்தில் முதல் தடவையாக அவள் பக்கத்தில் நின்றாள்.

"வெரசாக் கெளம்பு அமுதா," என்றாள். "அவன் இந்தத் தெரு முடிச்சு மேலத்தெருவுக்குப் போறதுக்குள்ள நாம அங்க போயிரணும்."

பெண்கள் ஒவ்வொருத்தியாக வாசல் இறங்கி அவர்கள் பின்னால் நடந்தார்கள். பாண்டியராஜன் கூப்பிய கையை இறக்காமல் அடுத்த வீட்டைப் பார்த்து நின்றான். அந்தத் தெருவில் அவனுக்கு இன்னும் நாற்பது வீடு இருந்தது.