மேனேஜர் வீட்டுப் பெண்

பன்னீர்ச் செம்பு தன்னைத் தாண்டிப் போனதும் வீரபாண்டி, மொய்க்கவரைத் தேடுகிறவரைப் போலச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பையில் விசிட்டிங் கார்டுகள் பத்திரமாக இருந்தன. பர் துபாய் ஓட்டல் ஒன்றின் மாடி ஹாலில், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று சேர்க்கை முகாம் நடத்திக்கொண்டிருந்தது. மேடையில் நிறுவனரின் ஆளுயரப் படம். அதன் கீழே ‘கல்வி வள்ளல்’ என்று ஜிகினாவில் எழுதியிருந்தார்கள். வள்ளல் கொடுத்ததற்கு எங்கும் பட்டியல் இல்லை. வாங்கப்போவதற்கான பட்டியல் பளபளத் தாளில் ஒவ்வொரு நாற்காலியிலும் கிடந்தது.

“முன் வரிசைக்கு வாங்க. மேனேஜரு பின்னாடி போயி ஒண்டிக்கிட்டு உக்காருவாகளா?” என்றாள் வடிவு. ஜூன் மாத வெயிலுக்குப் பட்டுச்சேலை கட்டிவந்திருந்த மனைவியின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மகள் அகிலா மதிப்பெண் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஷார்ஜாவில் பிளஸ் டூ முடித்தவள். கணக்கில் தொண்ணூற்று நாலு.

வீரபாண்டிக்கு வேலை ஜெபல் அலி கிடங்கு ஒன்றில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவது. பத்து வருஷம் தொழிலாளி விசாவில்தான் ஓட்டினார். அந்த விசாவில் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்பதில் அவருக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் வடிவின் அண்ணன் அல் ஐனில் கடை வைத்துக் குடும்பத்தோடு இருந்தான். அண்ணி போன் பேசும்போதெல்லாம் பின்னால் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆயிரத்தெழுநூறு மைல் தாண்டி அருப்புக்கோட்டையில் வடிவின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தச் சத்தம்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கம்பெனியில் விசா காரியங்கள் பார்க்கும் கீழக்கரை செய்கு அலாவுதீனின் கையைக் காலைப் பிடித்து, வீரபாண்டி தாளில் ‘பர்சேஸ் மேனேஜர்’ ஆனார். சம்பளமும் தாளில் ஏறியது. மறுநாள் காலை மேனேஜர் வழக்கம்போல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

தாளோடு விட்டிருக்கலாம். ஐந்நூறு விசிட்டிங் கார்டு அடித்தார். குலதெய்வக் கோயிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்து, மூன்று இறக்கையிலும் ‘மேனேஜர், துபாய்’ என்று எழுதவைத்தார். சுற்றினால் எழுத்து தெரியாது என்பதால் பூசாரி அதை ஓடவிடுவதே இல்லை.

சேர்க்கைப் பிரிவு டீன் அனந்தகிருஷ்ணன், கோட்டுக்குள் வியர்த்தபடி மேசைக்குப் பின்னால் இருந்தார். வீரபாண்டி முதல் வேலையாகக் கார்டை நீட்டினார். டீன் எழுந்து கைகொடுத்து, கார்டை விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடித்தார்.

“கம்ப்யூட்டர் சயின்ஸ் தாராளமா கிடைக்கும் சார். வருஷத்துக்கு அஞ்சாயிரம் டாலர்.”

“டாலரா? பாப்பா பத்தாவது வரைக்கும் அருப்புக்கோட்டைதான் சார். பெறந்ததே அங்கிட்டுத்தான்.”

“கடைசி ரெண்டு வருஷம் தமிழ்நாட்ல படிக்கலையே. எங்க விதிப்படி வெளிநாட்டு மாணவி.”

“தமிழ்ப்பிள்ளைக்கு எதுக்கு சார் டாலரு?”

“தமிழுக்கு நாங்க ஃபீஸே வாங்கறதில்ல சார். இன்ஜினியரிங்குக்குத்தான்.”

அகிலாவின் விரல் கட்டணப் பட்டியலின் கடைசி வரியில் போய் நின்றது. மற்ற எழுத்தைவிடச் சின்ன எழுத்து. வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உள்ளூர்க் கட்டணம், நாற்பதாயிரம் ரூபாய். “அப்பா, இதுல நாம வருவோம்ல?” என்றாள் மெதுவாக. வடிவு மேசைக்குக் கீழே அவள் தொடையைக் கிள்ளினாள்.

வீரபாண்டி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் காதில் விழாது என்று உறுதியான பிறகு, “சார், நெசத்துக்கு நான் லேபர்தான்” என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் ரகசியமாகச் சொன்ன முதல் உண்மை அது.

டீன் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். “மேனேஜர்னு போட்டிருக்கே. நீங்களும் கார்டு குடுத்தீங்களே.”

வீரபாண்டி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேசைமேல் வைத்தார். காய்த்துப்போய், கோடுகளில் கிரீஸ் ஏறிய கைகள். டீன் ஒரு கணம் பார்த்தார்.

“கைரேகை பாக்குற டிபார்ட்மென்ட் எங்ககிட்ட இல்ல சார். பேப்பர் கொண்டாங்க. ஜூலை முப்பத்தொண்ணு கடைசித் தேதி.”

மறுநாள் செய்கு அலாவுதீன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சுலைமானி டீயை ஆற அமரக் குடித்தார்.

“ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்னு நான் லெட்டர் குடுத்தா, ரெண்டு வருஷமா பொய் விசான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி பாண்டியண்ணே. நீங்களும் ஊருக்கு, நானும் ஊருக்கு. ஒரே ஃப்ளைட்டுல போவலாம்.”

“வேற வழியே இல்லையா பாய்?”

“இனிமேப்பட்டு தொழிலாளின்னு விசாவ மாத்தலாம். ஊருல எவனும் கேக்காத விசா, அரபியே சிரிப்பான். ஆனா வீட்டுக்காரவுக விசாவும் புள்ள விசாவும் கேன்சல். கலாஸ், அம்புட்டுத்தான்.”

அன்று வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் வடிவு துணிகளை வாளியில் அள்ளினாள்.

“நான் வேற ஏதாச்சும் படிக்கிறேம்ப்பா” என்றாள் அகிலா.

“நீ சும்மா இரு” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

“ஊர்ல என்னான்னு சொல்ல?” என்றாள் வடிவு.

“லீவுக்கு வந்திருக்கேன்னு சொல்லு.”

“எத்தன வருசத்துக்கு லீவு?”

ஜூலை இருபதாம் தேதி புது விசா அடித்து வந்தது. மேனேஜர் பதவியிலிருந்து இறங்க, ஏறியபோது கொடுத்ததைவிட அதிகமாகவே செலவானது. தாயும் மகளும் ஊருக்குப் போனார்கள். வாஷிங் மெஷினைப் பக்கத்து அறைப் பையன்கள் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வீரபாண்டி ஒரு பெட்டியோடு தொழிலாளர் கேம்ப்புக்குத் திரும்பினார். எட்டுப் பேர் அறையில், ஏசிக்கு அடியில் மேல் கட்டில் கிடைத்தது. அன்றைக்கே புது விசாவின் நகலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்.

இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை மதியம், செய்கு அலாவுதீன் கேம்ப்புக்கே வந்தார். கையில் பல்கலைக்கழகத்திலிருந்து முந்தின நாள் ஆபீஸுக்கு வந்திருந்த பேக்ஸ்.

“நீங்களே படிங்க பாய்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். “மேதகு மேனேஜர் வீரபாண்டி அவர்களுக்கு…”

நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். தொழிலாளி விசா ஜூலை இருபதில்தான் அடிக்கப்பட்டுள்ளது. அதற்கு முந்தைய இரண்டாண்டுகளும் தாங்கள் தொழிலாளியாகவே பணியாற்றினீர்கள் என்பதற்கு நிறுவனத்தின் சான்றுக் கடிதம் தேவை. கடைசித் தேதியில் மாற்றமில்லை.

“நான் குடுக்க முடியாதுன்னு சொன்னேனே, அதே லெட்டரத்தான் கேக்குறாங்க” என்றார் அலாவுதீன். பேக்ஸை மடித்துக் கட்டிலில் வைத்தார். “ஜும்மா முடிஞ்சு இன்னும் சாப்புடல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏசி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி. வீரபாண்டி பெட்டியைத் திறந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்தார். நான்காக மடித்து அந்த இடுக்கில் செருகினார். சத்தம் குறையவில்லை. இன்னொன்றை மடித்தார்.

கட்டிலில் பேக்ஸின்மேல் கிடந்த போன் அடித்தது. அருப்புக்கோட்டை நம்பர். அகிலாவாகத்தான் இருக்கும், தினமும் இந்த நேரத்துக்கு அவள்தான் கேட்பாள், காலேஜிலிருந்து பதில் வந்ததா என்று. அவர் மூன்றாவது கார்டை மடித்து, கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினார். ஏசி சட்டென்று அடங்கியது. அறைக்குள் இப்போது போன் அடிக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.