ஜன்னல் வரிசை

அக்காவின் வீட்டுக்காரருக்குப் புது வருஷம் பிறப்பது காலண்டர் கைக்கு வருகிற அன்றைக்குத்தான். மனிதர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. கல்யாண நாள் மறந்துபோகும், மாமனார் பெயரில் இனிஷியல் என்ன என்று யோசிப்பார். ஆனால் எந்த அரசு விடுமுறை எந்தக் கிழமையில் விழுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரு விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்துவிட்டால் கைப்பொருளைப் பறிகொடுத்தவர் மாதிரி உச்சுக்கொட்டுவார். வியாழக்கிழமையில் விழுந்தால் முகமெல்லாம் பல். இங்கே ஒரு லீவு, அங்கே ஒரு லீவு என்று பென்சிலால் கோடு இழுத்து, விடுமுறைக்கும் விடுமுறைக்கும் முடிச்சுப் போட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முடிச்சுப் போட்டு என்ன பிரயோஜனம்? பெண்டாட்டி பெரிய ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டுக்குத் தலைமை நர்ஸ். ஊரே லீவு எடுக்கிற நாளில் அவளுக்கு மட்டும் கிடையாது. வார்டில் எல்லோருக்கும் அவள் அக்கா. நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொள்வோம்.

தொடர் விடுமுறை வரப்போகிறது என்பது அந்த வார்டுக்குக் காலண்டர் பார்க்காமலே தெரியும். முந்தைய நாள் மதியத்திலிருந்தே கூட்டம் ஆரம்பித்துவிடும். மகன் ஒரு கையில் அப்பாவையும் இன்னொரு கையில் பையையும் பிடித்துக்கொண்டு வருவான். பையில் மாற்றுத் துணி, மாத்திரை, சீப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் பக்குவமாக அடுக்கியிருக்கும். ரெண்டு நாளாக அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்வான். வெளியே காரில் பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கார் கிளம்பிய கையோடு அந்த அப்பா ஆஸ்பத்திரித் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்பார். எழுபது தாண்டிய ஆளை ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்ப எந்த டாக்டருக்குத் தைரியம் வரும்? இருக்கட்டும், பார்த்துக்கொள்வோம் என்று சேர்த்துக்கொள்வார்கள்.

அக்கா அவர்களுக்கு வைத்த பெயர் லீவு கேஸ். கடைக்கோடியில் ஜன்னலை ஒட்டிய கட்டில்கள் எல்லாம் அவர்களுக்கு. வெளிச்சம் வரும், ரோட்டை வேடிக்கை பார்க்கலாம். நர்ஸ் மேஜைக்குத் தூரம்தான், அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்பது அவள் கணக்கு. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

"ஜன்னல் வரிசையில பெல் அடிச்சா அடிச்சுப் பிடிச்சு ஓடாதீங்க. அவங்களுக்கு வியாதி இல்ல, பேச்சுத்துணைக்கு ஆள் இல்ல. கைவேலைய முடிச்சிட்டு மெதுவா போங்க."

கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. விடுமுறை நாளில் வார்டைப் பார்க்க ரெண்டே பேர்தான் இருப்பார்கள். நிஜமாகவே மூச்சுத் திணறுகிறவனை விட்டுவிட்டு, போர்வை சரியில்லை என்கிறவரிடம் ஓடினால் நடக்கிற காரியமா? அவள் கோபமெல்லாம் கொண்டுவந்து விட்டவர்கள் மேல்தான். "என்ன ஜென்மங்களோ. சாமான் ரூம்ல பெட்டிய வெச்சிட்டுப் போற மாதிரி பெத்தவங்கள வெச்சிட்டுப் போகுதுங்க" என்று வாய்விட்டே திட்டுவாள். சின்னப் பெண்களும் அதைக் கேட்டுக் கேட்டு அதே ராகத்தில் திட்டப் பழகியிருந்தார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு அந்த வருஷம் லீவு கிடைத்துவிட்டது. இரண்டு விடுமுறைகள் பக்கத்துப் பக்கத்தில் விழுந்திருந்தன. நடுவில் கொஞ்சம் லீவு போட்டால் ஒரு வாரத்துக்கு மேல் தேறும். மேட்ரனுக்கு என்ன தோன்றியதோ, "நீயும் மனுஷிதானே, போய்ட்டு வா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். வீட்டுக்காரர் அன்றைக்கே கடற்கரை ஊருக்கு டிக்கெட் எடுத்து, ஜன்னலைத் திறந்தால் அலை தெரிகிற ரூமாகப் பார்த்துப் போட்டுவிட்டார்.

வீட்டில் அப்பா இருந்தார், அக்காவின் அப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கால் தள்ளாடும், பாத்ரூமுக்குக் கைத்தாங்கல் வேண்டும், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவார். தனியாக விட முடியாது. கூட வந்து தங்குகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்த பெண், கிளம்புவதற்கு முந்தைய நாள் போன் செய்து கையை விரித்துவிட்டாள். அவள் புருஷனுக்கும் லீவாம், அவர்களும் எங்கேயோ போகிறார்களாம். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டிக்கெட்டைத் திருப்பிவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். சொன்ன குரலே அழுகிற குரலாக இருந்தது. அக்கா வெகுநேரம் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"எங்க வார்டுல சேத்துட்டுப் போலாம்."

"உங்க வார்டுலயேவா? நீயே வாய் வலிக்கத் திட்டுவியே."

"வேற எங்க விட்டாலும் எனக்குத் தூக்கம் வராதுங்க. என் வார்டுப் பிள்ளைங்க நல்லா பாத்துக்குவாங்க. நீங்க கூட்டிட்டுப் போங்க, நான் வரல. எங்கப்பான்னு யாருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அங்க நிப்பேன்?"

அது சுலபமாகத்தான் இருந்தது. அப்பா ஒரு நாளும் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்ததில்லை. வாசலில் வண்டியை நிறுத்தி அவளை இறக்கிவிட்டுப் போகிற வீட்டுக்காரரை வார்டில் யாரும் ஹெல்மெட் இல்லாமல் பார்த்ததில்லை. அப்பாவின் போனை எடுத்தால் அக்கா படம்தான் வரும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டார்கள்.

அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தாள். என்ன சொன்னால் டாக்டர் சேர்ப்பார், என்ன சொன்னால் விபரீதமாகும் என்பது அவளுக்கு அத்துப்படி.

"யார் கேட்டாலும் தலை சுத்துதுன்னு சொல்லுங்கப்பா. நெஞ்சுன்னு மட்டும் வாயத் திறந்துடாதீங்க. நெஞ்சுன்னீங்கன்னா தூக்கிட்டுப் போய் மெஷினுக்கு நடுவுல போட்டு ஒயரா சொருகிடுவாங்க. யாரும் பேசக்கூட மாட்டாங்க."

"தலை சுத்துது. அவ்ளோதானே?"

"அவ்ளோதான். பொண்ணு எங்கன்னு கேட்டா வெளியூர்ல இருக்கான்னு சொல்லுங்க."

"அது பொய்யே இல்லையேம்மா. நீ வெளியூர்லதானே இருக்கப் போற." சிரித்தார். "நீ எங்கயும் போனதே இல்ல. நிம்மதியா போய்ட்டு வா. போலாம் ரைட்."

அவள் எழுந்துபோய் அவருடைய மாற்றுத் துணிகளை எடுத்து, மாத்திரை, சீப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கினாள். அடுக்கி முடித்த பிறகு அந்தப் பையைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாம் சொன்னபடி நடந்தது. அன்று எடுத்த டெஸ்டுகளில் ஒரு குறையும் இல்லை. ஜன்னல் வரிசையில் கடைசிக் கட்டில் கொடுத்தார்கள்.

கடல் நன்றாகத்தான் இருந்தது. முதல் இரண்டு நாள் அக்கா தூங்கியே தீர்த்தாள். எத்தனையோ வருஷத்துத் தூக்கம். அப்புறம் வெயிலில் நடந்தாள், காலை நனைத்தாள், வீட்டுக்காரர் சொன்ன அசட்டு ஜோக்குக்கெல்லாம் சிரித்தாள். சந்தோஷமாக இருந்தாள், அதை மறைப்பானேன். வீட்டுக்காரர் லீவு என்றால் போனை அணைத்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடுகிற ஜாதி. ஆபீஸ் படியில் கால் வைக்கும்போதுதான் திரும்ப உயிர் கொடுப்பார். வார்டில் கொடுத்திருந்தது அந்த நம்பர்தான். அது இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

நடுவில் ஒரு நாள் அக்கா மனசு கேட்காமல் தன் போனிலிருந்து வார்டுக்குப் பேசினாள். எடுத்தது வால். சேட்டை தாங்காமல் அக்காவே அந்த இளம் நர்ஸுக்கு வைத்த பெயர் அது.

"லீவுல கூட வார்டா அக்கா? எல்லாம் வழக்கம்போலதான். ஜன்னல் வரிசை ஃபுல். கடைசி பெட்ல ஒரு தாத்தா வந்திருக்கார், செம ஜாலி. பேப்பரைக் கிழிச்சு எங்களுக்கெல்லாம் டிக்கெட் குடுக்கறார்."

அக்கா போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். நல்ல அழுகைதான். தன் வார்டை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பி வந்த அன்று காலை, பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஆபீஸ் போகிறேன், சாயங்காலம் வந்து மாமாவை டிஸ்சார்ஜ் செய்கிறேன் என்றார். அக்காவுக்குச் சாயங்காலம் வரை பொறுக்கவில்லை. தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று பையும் கையுமாக நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

மேஜையில் வால் மட்டும் உட்கார்ந்து மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்குத்தானே டூட்டி? ஆளே கறுத்துட்டீங்க. கடல் எப்படி இருந்துச்சு?"

அக்காவின் கண் அவளைத் தாண்டிப் போனது. கடைசிக் கட்டிலில் விரிப்பு புதிதாக இருந்தது. தலையணை நடுவில் நிமிர்ந்து நின்றது.

"அந்தக் கடைசி பெட்?"

"அந்த டிக்கெட் தாத்தா போயிட்டார்க்கா. நேத்து விடியக்காலைல."

"வீட்டுக்கா?"

"வீட்டுக்கு எங்க. செத்துட்டார்." வால் மாத்திரைகளை எண்ணிக்கொண்டே பேசினாள். "நாங்க ரெண்டே பேர். இந்தப் பக்கம் ஒருத்தருக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. அப்ப அவர் பெல் அடிச்சார். ஜன்னல் வரிசைதானேன்னு கைவேலைய முடிச்சிட்டுப் போனேன். என்ன பண்ணுது தாத்தான்னா தலை சுத்துதுங்கறார். கைய மட்டும் நெஞ்சுமேல வெச்சு அழுத்திக்கிட்டு இருக்கார். பாவம், நடிக்கக்கூடத் தெரியலயேன்னு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நெஞ்சு வலிக்குதான்னு ரெண்டு தடவை கேட்டேன்க்கா. இல்லம்மா, தலைதான், தலைதான்னார்."

"வேர்த்துச்சா?" என்று கேட்டாள் அக்கா. இத்தனை வருஷத்து வேலை கேட்ட கேள்வி அது.

"வேர்த்துக் கொட்டிச்சு. புழுக்கம்னு நெனச்சு ஜன்னலத் திறந்து விட்டேன். தண்ணி குடுத்துட்டு வந்தேன். அப்புறம் அவர் பெல்லே அடிக்கல." வாலின் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே கோபமாக மாறியது. "வீட்டுக்கு போன் மேல போன் போட்டாச்சு. மருமகன் நம்பர்தான் இருக்கு, சுவிட்ச் ஆஃப். எங்கயோ ஊர் சுத்தப் போயிருக்குங்க. நீங்க சொல்றதுதாங்க்கா கரெக்ட், என்ன ஜென்மங்களோ. பாடி கீழ அனாதையா கெடக்கு. பொண்ணு ஒருத்தி வெளியூர்ல இருக்காளாம். அவளாவது எப்ப வருவாளோ தெரியல."

"வந்துட்டா" என்றாள் அக்கா.

வால் தலையை நிமிர்த்தி, யார் வந்தது என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.