அட்லஸ் அடுக்கு

அட்லஸ் அடுக்கில் அன்றும் ஒன்பது புத்தகங்கள் இருந்தன. எரிமலைகளைப் பற்றிய ஒன்று, கால்பந்து விதிகள், ஒரு பேய்க்கதைத் தொகுப்பு, தேனீ வளர்ப்பு, காகிதத்தில் விமானம் செய்வது எப்படி, பற்களின் கதை, இன்னும் மூன்று. முதுகில் ஒட்டியிருந்த எண்களின்படி ஒன்பதும் ஒன்பது இடங்களில் நிற்க வேண்டியவை. அட்லஸ்கள் உயரமானவை, சாதாரண அலமாரியில் நிற்காது என்பதால் ஜன்னலுக்குக் கீழே அவற்றுக்கென்று தனியாக ஓர் அடுக்கு செய்திருந்தார்கள். பள்ளியில் இருந்ததே நான்கு அட்லஸ்கள்தான். மீதிப் பாதி அடுக்கு எப்போதும் காலி. அந்தக் காலியிடத்தில்தான் இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து இப்படிச் சேர்ந்துகொண்டிருந்தது. நூலக ஆசிரியை தினமும் மாலை குனிந்து அவற்றை எடுத்து, எண் பார்த்து, அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். மறுநாள் மதியத்துக்குள் மறுபடி ஏழோ எட்டோ அங்கே சேர்ந்திருக்கும். எந்த வகுப்பு, எந்தப் பிள்ளை என்று பிடிக்க முடியவில்லை. இதில் யாருக்கு என்ன லாபம் என்பதும் புரியவில்லை.

"உங்க புக்குக்கெல்லாம் கால் முளைச்சிருச்சு டீச்சர்," என்றார் கணக்கு சார். ஓய்வு நேரத்தில் செய்தித்தாள் பார்க்க வருகிறவர். "எல்லாம் ஜன்னலோரம் சீட்டுக்கு அடிச்சுக்குதுங்க."

"சிரிக்காதீங்க சார். தினம் அரை மணி நேரம் போகுது எனக்கு."

"ரெண்டு பேரப் பிடிச்சு வெளிய நிக்க வெய்யுங்க. தானா நின்னுரும்."

யாரை நிறுத்துவது என்று தெரிந்தால்தானே. அவள் எரிமலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் பதினான்கு வருடம் புவியியல் ஆசிரியையாக இருந்தவள். ஐம்பது பேர் வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி நாளுக்கு ஆறு பாடவேளை பேசுவது எளிதான வேலை அல்ல. குரல் என்பது தொண்டைக்குள் இருக்கும் இரண்டு மெல்லிய மடிப்புகள் ஒன்றோடொன்று தட்டி அதிர்வதால் வருவது. கத்தும்போது அவை வேகமாக மோதிக்கொள்கின்றன. செருப்பு கடித்த இடத்தில் காலில் காய்ப்பு விழுவதுபோல, மோதும் இடத்தில் அங்கேயும் காய்ப்பு விழும். அவளுக்கு இரண்டு பக்கமும் விழுந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், இன்னொரு முறை இப்படி ஆனால் திரும்பக் குரல் வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அதற்குப் பிறகுதான் நூலகம். அங்கே யாரும் உரக்கப் பேச வேண்டியதில்லை.

முதல் வருடம் தெரிந்த மாதிரி ஓட்டினாள். இரண்டாம் வருடம், ஆசிரியராக இருந்து நூலகத்துக்கு வந்தவர்களுக்கென்று நடந்த பயிற்சியில் சேர்ந்தாள். பத்து சனிக்கிழமைகள், காலை முதல் மாலை வரை. புத்தகத்துக்கு எண் கொடுப்பது எப்படி என்று அங்கே கற்றுக்கொண்டபோது அவளுக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. உலகத்தில் எழுதப்பட்ட எல்லாவற்றையும் முதலில் பத்தாகப் பிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு பத்தையும் பத்தாக. அதையும் பத்தாக. மூன்றே படியில் ஆயிரம் அறைகள் கிடைத்துவிடுகின்றன. தேனீக்கு ஒரு வீடு, பல்லுக்கு ஒரு வீடு. யார் எழுதியது, எந்த நிறம், எவ்வளவு தடிமன் என்ற பேச்சே இல்லை. வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை போட்டு ஓர் ஊரைப் பிடிப்பதுபோல ஒரு புத்தகத்தைப் பிடித்துவிடலாம். விடுமுறை முழுக்க இரண்டாயிரத்து நூறு புத்தகங்களுக்கும் தனி ஆளாக எண் எழுதி ஒட்டினாள். பள்ளி திறந்த முதல் வாரமே பிள்ளைகள் அவளுக்கு ஸ்டிக்கர் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நூலகம் பளிச்சென்று ஆனது. இரவல் குறைந்தது. பயிற்சிக்கு முன்பு மாதத்துக்கு நானூறு புத்தகங்களுக்கு மேல் வீட்டுக்குப் போகும். இந்தப் பருவத்தின் முதல் மாதம் முந்நூற்றுப் பதினெட்டு. இரண்டாம் மாதம் இருநூற்றைம்பத்தைந்து.

தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே அவர் நல்ல செய்தி சொல்லப்போவதில்லை என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

"ரூம் பாக்க அருமையா இருக்கு டீச்சர். மியூசியம் மாதிரி இருக்கு. ஆனா மியூசியத்துலருந்து யாரும் எதையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல பாருங்க."

அவர் மேசைமேல் இருந்த நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார்.

"அடுத்த மாசம் முதல் வாரம் கமிட்டி கூடுது. புவியியலுக்கு ஆள் பத்தல. நூலகத்த மதிய இடைவேளைல மட்டும் திறந்தா போதாதான்னு ஏற்கெனவே ஒருத்தர் கேட்டுட்டாரு. நம்பர் ஏறியிருந்தா நான் உங்களுக்காகப் பேசலாம். இறங்கிட்டே இருந்தா என்னத்தப் பேசறது?"

"டாக்டர் லெட்டர் குடுத்திருக்கேன் சார்."

"இருக்கு, ஃபைல்ல இருக்கு. மைக் வாங்கித் தரலாங்கறாங்க."

அன்று மாலை வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதிக் கட்டடங்களின் மேல்கூரை அறைகள் அவனுக்குப் பழக்கம். கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பது தெரியாது. அவன் நக இடுக்குகளில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"லிஃப்ட் நின்னு போச்சுன்னு ஃபோன் வந்தா நாங்க முதல்ல என்ன கேப்போம் தெரியுமா?"

"கரண்ட் இருக்கான்னு."

"அது ரெண்டாவது. கடைசியா யாரு கை வெச்சான்னு கேப்போம்."

"அப்ப என் கைதான் காரணங்கறீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லிட்டீங்க."

"சர்வீஸ் பண்ணவன் தப்பா பண்ணான்னு அர்த்தம் இல்லம்மா. அவன் எல்லாத்தையும் புஸ்தகத்துல இருக்கற மாதிரியே மாட்டியிருப்பான். ஆனா அங்க ஏதோ ஒண்ணு கோணலா இருந்து, அந்தக் கோணல்லயே அது இத்தன வருஷம் ஓடிட்டு இருந்திருக்கும். இவன் போய் நிமித்திட்டான். முடிஞ்சுது."

அவளுக்குக் கோபம் வந்தது. பத்து சனிக்கிழமைகளும் சமையல் செய்தவன் அவன்தான் என்பதால் அதைக் காட்டவில்லை. ஆனால் மறுநாள் பேருந்தில் உட்கார்ந்ததும் ஒட்டாத ஸ்டிக்கர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், பயிற்சிக்குப் பிறகு தான் மாற்றியவற்றை வரிசையாக எழுதத் தொடங்கினாள். எண் ஒட்டியது. கதைப் புத்தகங்களை ஆசிரியர் பெயர்ப்படி அடுக்கியது. கிழிந்தவற்றை ஒதுக்கியது. அலமாரிகளைச் சுவரோரம் தள்ளியது. தரையில் உட்காரக் கூடாது என்றது. திரும்பி வரும் புத்தகங்களை உடனுக்குடன் அடுக்கியது. அட்டைப் படம் தெரிய நின்றவற்றை முதுகு தெரியத் திருப்பியது. ஏழு. எல்லாமே சரியானவை. ஏழையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க ஏழு வாரம் வேண்டும். கமிட்டி கூடுவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அன்று மாலை அட்லஸ் அடுக்கின் முன் குனிந்தபோது அவள் புத்தகங்களை எடுத்து அடுக்கவில்லை. தலைப்புகளை மட்டும் எழுதிக்கொண்டாள். பிறகு மேசையில் இருந்த நோட்டுகளைப் புரட்டினாள். அவளிடம் இரண்டு நோட்டுகள் உண்டு. வெளியே போவது ஒன்றில், திரும்பி வருவது இன்னொன்றில். வெளியே போகும் நோட்டில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எடுத்தவர்கள் நான்கு வகுப்புகளைச் சேர்ந்தவர்கள், ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லை. திரும்பி வரும் நோட்டைப் பார்த்தாள். அட்லஸ் அடுக்கில் இருந்த எட்டுப் புத்தகங்களில் ஆறு அன்று காலை திரும்பி வந்தவை. இரண்டு முந்தின நாள். அதற்கு முன் வந்தது ஒன்றுகூட இல்லை.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் கையில் பசையை வைத்துக்கொண்டு, தேதிச்சீட்டு ஒட்டுகிற பாவனையில் கவனித்தாள். ஏழாம் வகுப்பு வந்தது. ஒரு பையன் சுறாக்களைப் பற்றிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். நோட்டில் எழுதிக்கொண்டு, எப்போதும்போல உடனே எழுந்துபோய் அதன் இடத்தில் வைத்தாள். திரும்பி வரும்போது கண்ணாடிக் கதவில் பார்த்தாள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் அவள் பின்னாலேயே வந்து, அந்த இடத்திலிருந்து சுறாவை உருவி, அவசரம் இல்லாமல் நடந்துபோய் ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். ஒளித்துச் செய்கிற தோரணையே இல்லை. யாரோ தவறி வைத்ததை எடுத்துச் சரியான இடத்தில் வைப்பவள்போல இருந்தாள்.

"இங்க வாம்மா."

பெண் வந்தாள்.

"அத ஏன் அங்க கொண்டுபோய் வெக்கற?"

"அது இப்பதான் வந்தது டீச்சர்."

"அதனால?"

பெண் அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. கொஞ்சம் பரிதாபமும் இருந்தது. "இப்ப வந்ததுன்னா யாரோ படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். உள்ள இருக்கறதெல்லாம் யாரும் எடுக்காததுல்ல?"

"அப்படின்னு யாரு சொன்னா? உள்ள எவ்ளோ நல்ல புக்கு இருக்கு தெரியுமா?"

"இருக்கும் டீச்சர். எதுன்னு எப்படித் தெரியும்?"

"எண் போட்டிருக்கேனே."

"என்ன வேணும்னு தெரிஞ்சவங்களுக்கு அது சரி டீச்சர். எங்களுக்கு என்ன வேணும்னு தெரியாதே. முன்னாடி கதவுகிட்ட மேசைல கெடக்கும். சட்டுனு பாத்து எடுத்துட்டு ஓடிருவோம். இப்ப நீங்க எங்க வெக்கறீங்கன்னு பின்னாடியே வரவேண்டியிருக்கு. சாயங்காலம் திரும்ப எடுத்துடறீங்க வேற."

"யாரெல்லாம் இப்படிப் பண்றீங்க?"

"எல்லாரும்தான்," என்றாள். இதைக் காட்டிக்கொடுப்பதாக அவள் நினைத்ததாகத் தெரியவில்லை.

பயிற்சிக்கு முன்பு கதவோரம் ஒரு மேசை இருந்தது உண்மைதான். திரும்பி வந்தவற்றை உடனே அடுக்கத் தெரியாததால், நேரம் இல்லாததால், அதில் குவித்துவைப்பாள். மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியை அடுக்குவாள். கடைசிச் சனிக்கிழமை பயிற்சியாளர் அப்படி ஒரு மேசையின் படத்தைத் திரையில் காட்டி, 'இடத்துல இல்லாத புத்தகம் தொலைஞ்ச புத்தகம்' என்றார். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், காது சூடாக. திங்கட்கிழமையே மேசையைக் காலி செய்துவிட்டாள். அவர் சொன்னது தவறு அல்ல. ஒரு புத்தகத்தைத் தேடி வருகிறவனுக்கு அது இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு வயதில் பெரும்பாலானோர் ஒரு புத்தகத்தைத் தேடி வருவதில்லை. ஏதாவது ஒரு புத்தகத்துக்கு வருகிறார்கள். இரண்டாயிரத்து நூறில் அந்த ஏதாவது ஒன்றைப் பத்து நிமிடத்தில் பிடிக்க அவர்களிடம் ஒரே ஒரு வடிகட்டிதான் இருந்தது: நேற்று வேறொருவன் இதைப் படித்துவிட்டுக் கொண்டுவந்திருக்கிறான். அந்த வடிகட்டியை அவள் நாள்தோறும் மாலையில் பிரித்துப்போட்டாள். அவர்கள் நாள்தோறும் காலையில் கட்டினார்கள்.

எண்களை அவள் எடுக்கவில்லை. ஏழில் ஒன்றை மட்டும் மாற்றினாள். கூடவே வெளியே போகும் நோட்டின் கடைசிப் பக்கங்களில், மேசையிலிருந்து போவது எத்தனை, அலமாரியிலிருந்து போவது எத்தனை என்று கோடு போட்டு எண்ணிவந்தாள். முதல் வாரம் வெளியே போனது எண்பத்து நான்கு. அதில் ஐம்பத்தொன்று மேசையிலிருந்து. இரண்டாம் வாரம் தொண்ணூற்றாறு. அட்லஸ் அடுக்கில் அட்லஸ்கள் மட்டும் இருந்தன.

கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள் தலைமையாசிரியர் வந்தார். கதவைத் திறந்ததும் எதிரே மேசையில் இருபது, இருபத்தைந்து புத்தகங்கள் தாறுமாறாகக் கிடந்தன. மூன்று பெண்கள் முழங்கை இடித்துக்கொண்டு புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன டீச்சர் இது? நாளைக்கு அவங்க இந்த ரூமையும் வந்து பாப்பாங்க. இன்னிக்குப் போய் சந்தை மாதிரி வெச்சிருக்கீங்க."

"நாளைக்கும் இப்படித்தான் சார் இருக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் நோட்டை நீட்டினாள். நின்றபடியே கோடுகளை எண்ணினார். பிறகு ஒரு பக்கம் திருப்பி மறுபடி எண்ணினார்.

"இது அந்தப் பயிற்சில சொன்னதா?"

"இல்ல சார். அங்க சொன்னதுக்கு நேர் எதிர்."

"அதையா நான் போய் சொல்றது? செலவு பண்ணி அனுப்பினோம், டீச்சர் எதிரா பண்றாங்கன்னு?"

"அங்க போகலன்னா எனக்கு எண்ணவே தெரிஞ்சிருக்காது சார். குவிச்சு வெச்சுட்டு இருந்தேன், எதுக்குன்னு தெரியாம. இப்பத் தெரிஞ்சு வெச்சிருக்கேன்."

அவர் மேசைப் பக்கம் பார்த்தார். ஒரு பெண் சுறாவை எடுத்துக்கொண்டு பதிவுக்கு வந்து நின்றாள். நூலக ஆசிரியை எழுதிக்கொண்டு, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

"ரெண்டு வாரக் கணக்கு," என்றார். "ஒத்துக்குவாங்கன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். கதையெல்லாம் அவங்களுக்கு வேணாம். என்ன பண்றீங்கன்னு சுருக்கமா எழுதிக் குடுங்க. நோட்டோட வெக்கறேன்."

அவர் வாசலில் நின்று காத்திருந்தார். அவள் ஒரு தாளை எடுத்து, 'வாசகர் நடத்தையை அடிப்படையாகக் கொண்டு' என்று தொடங்கி, அதை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்:

திரும்பி வரும் புத்தகங்களை உடனே அலமாரியில் அடுக்குவதில்லை. கதவோரம் உள்ள மேசையில், அட்டை மேலே தெரியும்படி, கடைசி மணி வரை கிடக்கும். அதற்குள் யாரும் எடுக்காதவை மட்டும் மாலையில் அவற்றின் இடத்துக்குப் போகும்.