கடற்கரையில் மரக்கறி

பற்றிக் என்கிற மன்னார்க்காரர் மீன் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டார் என்று சொன்னால் ஒக்லாந்தில் ஒரு தமிழரும் நம்பமாட்டார்கள். தவக்காலத்தில் விடச் சொன்னது இறைச்சியைத்தான், மீனைக் கர்த்தர் நமக்கென்று விட்டுவைத்திருக்கிறார் என்று சத்தியம் செய்கிற ஆள். அப்படிப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மிஷன் பே கடற்கரையில், மீனுக்கென்றே பேர்போன ரெஸ்டாரண்டில் உட்கார்ந்துகொண்டு பூசணிக்காய் சூப் கேட்டார்.

வசந்தமலருக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்தே அவளுக்குச் சும்மா சும்மா சிரிப்பு வந்துகொண்டிருந்தது. பற்றிக்கும் மனைவி சறோஜாவும் பக்குரங்காவிலிருந்து அவளிருக்கும் ஒனிஹங்காவுக்குக் காரில் வந்து, வெளியில் போய்ச் சாப்பிடுவோம் வெளிக்கிடு என்று கூப்பிட்டால் வேறு என்ன நினைப்பாள்? அவளுடைய பிளாட்டில் போன் இல்லை. கொழும்பிலிருக்கும் மைத்துனர் ரவிசங்கர் எந்தச் சேதியென்றாலும் பற்றிக் வீட்டுக்குத்தான் போன் எடுப்பார். அவளுடைய கணவர் தியாகலிங்கத்துக்கு நியூசிலாந்து விசா கிடைத்து எவ்வளவோ காலம். சண்டையால் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவைத் தாண்டத்தான் வழியில்லாமல் இருந்தது. தாண்டிவிட்டார் என்று வசந்தமலர் தானே முடிவு செய்துகொண்டாள். பெட்டியின் அடியில் கிடந்த மாம்பழ மஞ்சள் சேலையை எடுத்து உடுத்தாள், பெரிதாகப் பொட்டு வைத்தாள், அந்த நாட்டு ஆடி மாதக் குளிருக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

காரில் இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை. நல்ல சேதியை மேசைக்கு வைத்திருக்கிறார்கள் என்று இவள் அதையும் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டாள். ஆசைக்குக் கண் ஏது?

வசந்தமலர் மெனுவில் படத்தைக் காட்டி ஸ்னாப்பர் மீன் வேண்டுமென்றாள். எழுதிக்கொண்டு நின்ற பெண்ணிடம் பற்றிக் அவசரமாக ஆங்கிலத்தில் குறுக்கிட்டு, இவருக்கு மீன் வேண்டாம், மரக்கறியில் ஏதாவது கொடுங்கள் என்றார். சறோஜா தனக்கு வெறும் சலாட் சொன்னாள்.

மீனோடு என்ன கோபம் அண்ணை என்று வசந்தமலர் பகிடியாகக் கேட்டாள். பகிடிக்கு முதல் ஆளாகச் சிரிக்கிற மனிதர் ஜன்னலுக்கு வெளியே ரங்கிடோட்டோத் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு வந்தது. மரக்கறி போட்ட பாஸ்டா. சறோஜா அந்தத் தட்டை அவள் பக்கமாக நகர்த்தினாள்.

"முதல்ல வடிவாச் சாப்பிடு பிள்ளை."

முள்ளுக்கரண்டியைத் தூக்கிய கை அப்படியே நின்றது. இந்த வார்த்தைகளை வசந்தமலருக்குத் தெரியும். போன வருடம் இதே வார்த்தைகளை அவளே வேறொரு பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாள்.

வரதராஜன் என்று ஒரு பொடியன், தனியாக இருந்து படித்துக்கொண்டிருந்தவன். அவனுடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் செத்த சேதி பற்றிக் வீட்டுக்குத்தான் வந்தது. வெறும் வயிற்றில் இழவு சொல்லக்கூடாது, சொன்னால் பிறகு தண்ணிகூட இறங்காது என்று அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தகப்பன் செத்துக் கிடக்க மீன் மச்சம் சாப்பிட்டேனே என்று பிள்ளை பின்னால் வருந்தக்கூடாதென்று, மீன்குழம்புச் சட்டியைத் தூக்கி உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒளித்தவள் வசந்தமலர்தான். அவன் கார் ஓட்டப் பழகுகிற கதையைச் சொல்லிச் சிரித்துச் சிரித்துத் தோசை சாப்பிட்டான். கை கழுவி வந்த பிறகு பற்றிக் சொன்னார். எவ்வளவு பக்குவமான மனிதர் என்று அன்றைக்கு அவள் வியந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா? இவர்கள் சூப்பில் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. சூப்பின் மேல், வெளியே வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்த கடலின் மேல், தன்னை இவ்வளவு நேசிக்கிற இந்த இரண்டு பேரின் மேல். பிறகு பயம் வந்தது. பயத்தோடு ஒரு கள்ள யோசனையும் வந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை இவர்கள் சொல்லமாட்டார்கள். சொல்லும்வரை அவள் தியாகலிங்கத்தின் பெண்சாதி.

சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயையும் மாவாகும்வரை மென்றாள். தகனினியில் யாரோ வீடு கட்டுகிறார்களாம் என்று பற்றிக் ஏதோ தொடங்கிப் பாதியில் விட்டார். பரிமாறுகிற பெண் வெறுந்தட்டை எடுக்க வந்தபோது வசந்தமலர் தட்டை விடவில்லை, இன்னும் பசிக்கிறது, சிப்ஸ் கொண்டு வாருங்கள் என்றாள். சிப்ஸ் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதையும் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். சறோஜா அவளுடைய நெற்றியைப் பார்ப்பதும் உடனே கண்ணை எடுப்பதுமாக இருந்தாள்.

ஆறிப்போன ஒரு துண்டு மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை இருந்திருப்பாள். ஆனால் பற்றிக்கின் சூப் அப்படியே ஆடை படிந்து கிடந்தது. விடிந்ததிலிருந்து அந்த மனிதரும் பச்சைத்தண்ணி குடித்திருக்கமாட்டார் என்று தோன்றியது. பாவமாக இருந்தது. ஒருவேளை தான் நினைப்பது பிழையாக இருக்கலாம் என்று ஒரு கெட்ட ஆசையும் கடைசியாக ஒருமுறை தலையைத் தூக்கியது.

"அண்ணை, எனக்கு ஒரு மீன் சொல்லுங்கோ," என்றாள்.

பற்றிக் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பிழையா விளங்கியிருந்தா, ஒரு மீன் சொல்லுங்கோ. ஆசையாச் சாப்பிடுவன்."

பற்றிக் அந்தப் பெண்ணைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். மீன் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத கை. அது பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு மெல்ல மேசைக்கு இறங்கியது. சறோஜா துவாலையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வசந்தமலர் கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டு விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். மஞ்சள் சேலை தெரியாதபடி கோட்டைக் கழுத்துவரை பூட்டினாள்.

"நான் சாப்பிட்டிட்டன் அண்ணை. இனிச் சொல்லுங்கோ."