ஆவியின் கட்டைவிரல்

சைக்கிள் கடைக்காரருக்குப் பிறவியிலேயே திக்குவாய். மனைவியை "குட்டி" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் டியூப்பில் காற்றே இறங்கிவிடும் என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அவளோ கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, அந்தச் சொல் முழுதாய் வந்து சேரும்வரை காத்திருப்பாள். மாரடைப்பில் அவர் போன பிறகு கடையை அவளே நடத்தினாள்.

அவருடைய அக்கா பள்ளி ஆசிரியை. "தம்பிகூடப் பேசலாம், வா" என்று நச்சரித்து, ஒரு மத்தியானம் அவளை ஆவியம்மாவிடம் இழுத்துப்போனாள். ஆவியம்மா முன்பு இன்சூரன்ஸுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தவள். உயிரோடிருப்பவர்கள் பிடிகொடுக்கவில்லை, செத்தவர்கள் பக்கம் தாவிவிட்டாள்.

ஜன்னலில் கனத்த திரை. தரைவரை விரிப்பு தொங்கும் மேஜை. சுற்றிலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாலைந்து பேர். மேஜைக்கடியில் 'டொக்' என்றது. எல்லாருக்கும் புல்லரித்தது. ஆவியம்மா கண்ணைச் செருகிக்கொண்டு கட்டைக்குரலில் பேசினாள்.

"குட்டி! நான் இங்க சுகமா இருக்கேன். எங்க பாத்தாலும் ஒரே வெளிச்சம்."

செல்லப்பெயரை நாத்தனார் முன்கூட்டியே ஒப்பித்திருக்கிறாள். மூச்சடக்கிக் காத்திருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

"அவருக்குத் திக்குமே?"

ஆவியம்மா அசரவில்லை. "மேல போனா குறையெல்லாம் தீர்ந்துடும்மா."

"அப்ப அது என் புருஷன் இல்ல."

எழுந்தவள் விரிப்பைத் தூக்கினாள். செருப்பைக் கழற்றியிருந்த ஆவியம்மாவின் கால் கட்டைவிரல், அடுத்த தட்டுக்குத் தயாராக மேஜைக்காலை ஒட்டி மடங்கியிருந்தது.

கூட்டம் பாய்ந்தது. ஆவியம்மாமேல் அல்ல, அவள்மேல். "நம்பிக்கையில்லாதவ வந்தா ஆவி எப்படிம்மா நிக்கும்? பாவம், அம்மா காலாலயாவது தட்டி உதவி பண்ணியிருக்காங்க!" என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். எத்தனை சாட்சிகளை விசாரித்த வாயோ!

நாத்தனார் படியிறங்கும்போதே அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். காலும் களவுமாக மாட்டிய பிறகும் ஆவியம்மா வீட்டு வாசலில் செருப்புகள் குறையவில்லை, கூடின.

சில மாதம் கழித்து நாத்தனார் கடை வாசலில் வந்து நின்றாள்.

"நேத்து தம்பி வந்தான். உன்கிட்ட பேசச் சொன்னான்."

"உங்களுக்கே தோணலையா அண்ணி? அதுக்கும் செத்தவர் வந்து சொல்லணுமா?"

நாத்தனாருக்குக் கண் கலங்கியது. பூமி உருண்டை என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற பெண்மணி! கேட்பதற்கு இவளுக்கு நாக்கு நுனியில் நிறைய இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"