நான் விட்ட பேப்பர்

அப்பா இறந்து ஒரு வருடம் ஆவதற்குள் மும்பையில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. ஊரில் பி.எஸ்ஸி. கடைசி செமஸ்டர் இன்னும் முடியவில்லை, அதற்குள்ளேயே மெயில் வந்துவிட்டது. அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். மறுநாள் கல்லூரிக்குப் போய் நான் செய்த முதல் வேலை, ஒரு பேப்பரை விடுவதற்கு விண்ணப்பம் எழுதியது.

அது கூடுதல் பேப்பர். சமூகக் கள ஆய்வு என்று பெயர். டிகிரிக்கு அது தேவையில்லை. மேல்படிப்புக்குப் போடும்போது மதிப்பாக இருக்கும் என்று சேர்ந்திருந்தேன். சார்லஸ் சார் எடுத்தார். யாரையும் அதட்ட மாட்டார், பஸ் கிடைக்காமல் தாமதமாக வருகிறவர்களுக்கும் அட்டெண்டன்ஸ் போடுவார். நல்லவர் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் அவர் போர்டில் ஆய்வின் தலைப்பை எழுதினார்: விஷச் சாராயமும் உப்பளக் குடும்பங்களும். எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஜெனிஷா இருக்குது. ஊருக்குள்ள போறதுக்கு நமக்குக் கஷ்டமே இல்ல."

என் அப்பா மரியதாஸ் மரக்காணத்து அளத்தில் உப்பு வாரியவர். சாராயம் குடித்துத்தான் செத்தார். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மும்பைக்குச் சிபாரிசுக் கடிதம் தரவேண்டியவர் சார்லஸ் சார் என்பதால் நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மெயில் வந்த பிறகு திறந்தேன்.

விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "சீட்டு வந்ததும் எங்க பேப்பர் கசக்குதாம்மா?" என்றார், சிரித்துக்கொண்டே.

"இந்தத் தலைப்புல என்னால வேலை செய்ய முடியாது சார்."

"நீ செய்யாம வேற யாரு செய்வாங்க? உங்க அப்பாவுக்கு வந்தது இன்னொருத்தருக்கு வரக் கூடாதுன்னுதானே பண்றோம்."

"எங்க வீட்ட விட்டுடுங்க சார்."

"நீ ரொம்ப எமோஷனலா இருக்கிறே" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "போ. போயி நல்லா படி."

எங்கள் வீட்டை விட்டுவிடுவதாக அவர் சொல்லவில்லை. கையெழுத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் குயிலாப்பாளையத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுவேன். அந்தச் சனிக்கிழமை கூடப் படிக்கும் பூஜாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "எங்கடி இருக்கே? நாங்க உங்க வீட்லதான் இருக்கோம். உங்க அம்மா சூப்பரா பேசுறாங்க. சார் ரொம்ப ஹேப்பி."

வயிற்றுவலி என்று கடையில் சொல்லிவிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடிவந்து பஸ் ஏறினேன். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. அம்மா ஃபோனை எடுக்கவில்லை. வழியெல்லாம் சாரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதில் பாதி இங்கே எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை.

கல்லூரி வேன் எங்கள் தெருவுக்குள் திரும்ப முடியாமல் மாதா சிலை வைத்த கெபி பக்கத்தில் நின்றிருந்தது. வீட்டில் மாதா கோயிலிலிருந்து வாங்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோர் கையிலும் டம்ளரில் கலர் சோடா. அம்மா அளத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே ஸ்டூலின் மேல் சாருடைய ஃபோன்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்ன வகுப்பிலிருந்து நான் ஸ்பான்சரில் படித்தவள். வருடத்துக்கு ஒருமுறை பணம் தருகிற இடத்திலிருந்து யாராவது கையில் பேப்பரோடு வருவார்கள். கூரை ஒழுகுகிறதா, அப்பா குடிப்பாரா, ராத்திரி என்ன சாப்பாடு என்று கேட்பார்கள். பிள்ளை படிப்பு விஷயமாக ஆள் வந்தால் நாற்காலி போட்டு, கலர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்லி, அழ வேண்டிய இடத்தில் அழ வேண்டும். அம்மா அதில் கைதேர்ந்தவள். வந்தவர்கள் தெருமுனை தாண்டியதும் மூக்கைச் சிந்திவிட்டு, "இந்த வருஷத்துக்கு ஆச்சுடி" என்பாள். நாங்கள் சிரிப்போம்.

சார் முந்தின நாள் அம்மாவுக்கு ஃபோன் செய்து, "ஜெனிஷா படிப்பு விஷயமா வீட்டுக்கு வர்றோம்மா" என்று சொல்லியிருக்கிறார். அம்மா மும்பை சீட்டுக்குத்தான் விசாரிக்க வருகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. வாசலில் நின்றபோது தெரிந்தது ஒன்றுதான். அம்மா இந்த முறை நடிக்கவில்லை.

"வெளிச்சமே இல்லியேன்னாரு. உச்சி வெயிலு. கதவத் தொறடின்றாரு. தொறந்துதான்யா கெடக்குதுன்னேன். என் கையத் தடவிப் புடிச்சிக்கிட்டு, அந்தோணி, இருட்டிடிச்சா, பாப்பா இன்னும் வரலியேன்றாரு..."

அம்மாவை அப்பா அந்தோணி என்றும் என்னைப் பாப்பா என்றும்தான் கூப்பிடுவார். அன்றைக்கு நான் கல்லூரியிலிருந்து வருவதற்குள் ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இறந்தார் என்பதுதான் எனக்குத் தெரியும். கண் போனதை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை.

எங்கள் வகுப்புச் சரத்குமார் கையிலிருந்த தாளைப் பார்த்து அடுத்த கேள்வியைப் படித்தான். "நிவாரணப் பணத்த இன்னா செஞ்சீங்கம்மா?"

"நிறுத்துங்க சார்" என்றேன்.

சார் உதட்டில் விரலை வைத்து ஃபோனைக் காட்டினார். பதிவாகிக்கொண்டிருக்கிறதாம். என் வீட்டில், என் அப்பாவின் சாவு நடந்துகொண்டிருக்கும்போது, நான் சத்தம் போடக் கூடாதாம்.

அம்மாவும் என்னை முறைத்தாள். "சும்மா இருடி. பெரியவங்க கேக்கறாங்க இல்ல." கெடுத்துவிடாதே என்று கண் சொன்னது.

"அம்மா, இவங்க மும்பையிலேர்ந்து வரல. என் காலேஜு. இது நான் விட்ட பேப்பரு. இவங்களுக்கும் என் சீட்டுக்கும் ஒண்ணுமே இல்ல."

அம்மா சாரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பிடிங்களா?"

"அது வேறம்மா. இது ஒரு சமூக நோக்கத்துக்காக..."

"அவ சீட்டுக்கு இல்லீங்களா?"

"இல்லம்மா, ஆனா..."

அம்மா எட்டி அந்த ஃபோனை எடுத்து மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள். "நான் சொன்னத அழிச்சிட்டுப் போங்க."

"பேரு போட மாட்டோம்மா. எந்த ஊருன்னுகூட வராது."

"பேரப் போட்டுக்குங்க. மரியதாஸ்னு பெருசாவே போட்டுக்குங்க. அவரு என்கிட்ட சொன்னத அழிங்க."

சார் என் பக்கம் திரும்பினார். "நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா. படிச்ச பொண்ணு."

"நான்தான் கோர்ஸ்லயே இல்லீங்களே சார்."

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கடைசியில் பூஜாதான் எழுந்து வந்து அம்மா பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, அவள் மடியில் வைத்தே ஃபோனைத் திறந்து அதை அழித்தாள். அழித்தது போய்க் கிடக்கும் இடத்திலிருந்தும் அழிக்கச் சொன்னேன். அழித்தாள். "பாருங்கம்மா, போச்சு" என்று காட்டினாள். அம்மாவுக்கு அதில் என்ன தெரிந்திருக்கும். தலையாட்டினாள்.

சார் கும்பிட்டுவிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா" என்று போனார். அதற்குப் பிறகும் அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பார்த்தால் சிரித்தார். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போன அன்று டீ வாங்கிக் கொடுக்க வந்தார். கெடுதல் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பூஜா எழுதினாள். "சாரிடி. நீ வர்றதுக்கு முன்னாடியே அம்மா நெறைய சொல்லிட்டாங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப உங்க அப்பா உன்னப் பத்தி ஏதோ சொன்னாராமே, அதுகூட. வேணும்னா சொல்றேன்."

என் அப்பா என்னைப் பற்றிச் சொன்னதைப் பூஜா டைப் செய்து எனக்கு அனுப்ப வேண்டுமாம். நான் பதில் போடவில்லை.

மும்பைக்குக் கிளம்பும் முன்பு அம்மாவிடமே கேட்டேன். அவள் என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அதான் ஒரு வாட்டி சொல்லிட்டனேடி" என்றாள். "இன்னொரு வாட்டி என்னால முடியாது."

அவளைக் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இங்கே மும்பையில் முதல் வருடம் முடியப்போகிறது. அப்பா கடைசியாக என்னைப் பற்றி என்ன சொன்னார் என்பது ஒரு வேன் நிறைய ஆட்களுக்குத் தெரியும். இதற்குள் அதில் பாதிப் பேர் அதை மறந்தும் போயிருப்பார்கள்.